மூடாத இடது கண்

சூளகிரியிலிருந்து ஓசூரை நோக்கி நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். லாரிகள் கிளப்பிய புழுதி இடது கண்ணில் விழுந்தது. அந்தக் கண் மூடாது. இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. கம்பெனி கேட்டில் நடந்ததை இன்னும் நம்ப முடியவில்லை.

இடது காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. பெங்களூரில் அதை எடுத்தபோது, முகத்தை அசைக்கும் நரம்பையும் சேர்த்து எடுக்கும்படி ஆகிவிட்டது. பள்ளத்தைத் தொடைச் சதையால் நிரப்பினார்கள். போன நரம்புக்குப் பதிலாகக் கெண்டைக்கால் நரம்பு ஒன்றை வெட்டி ஒட்டினார்கள். அசைவு வர ஒரு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார்கள். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்தால், கன்னத்தில் என் தொடைத் தோல், அதன் முடியோடு.

வேலைக்குத் திரும்பிய காலைதான் அதைவிட மோசம். எங்கள் கம்பெனியில் முகத்தை மிஷினில் காட்டித்தான் உள்ளே போகவேண்டும். வராதவனின் போட்டோவைப் போனில் காட்டிக் கூட்டாளிகள் அவனுக்கு வருகைப் பஞ்ச் போட்டு வந்ததால், இரண்டு கண்ணையும் சிமிட்டினால்தான் திறக்கும்படி மாற்றியிருந்தார்கள்.

சிமிட்டினேன். சிவப்பு எரிந்தது.

"யாருக்குப்பா பஞ்ச் போட வந்திருக்க?" என்றார் செக்யூரிட்டி.

"என்னுதுதாங்க. தினம் ஒண்ணா டீ குடிச்சிருக்கோம், தெரியலையா?"

என் அடையாள அட்டையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது உங்கண்ணனா?"

பின்னால் நின்ற, என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிறவன் கத்தினான்: "அது நம்ம அண்ணனேதாங்க! ஆபரேசன் ஆயிருக்கு. ஏண்ணா, ஒத்தக் கண்ணு அடிச்சா மிஷினு கூச்சப்படுதுண்ணா!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வலது பாதியால்.

"அப்ப முகத்தைப் புதுசா மிஷின்ல ஏத்திக்குங்க" என்றேன்.

"ஏத்தறதுக்கும் ரெண்டு கண்ணும் மூடணுமேப்பா." இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

என்னை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "நீதான்னு எனக்குத் தெரியும்ப்பா. மிஷினுக்குத் தெரியலையே. கண்ணு மூடுனதும் வா" என்று வைத்துவிட்டார். தெரிந்தவர்கள் அத்தனை பேர் நின்றும் நான் நானாக உள்ளே போக முடியவில்லை.

மறுநாள் காலை தளி பஸ் ஏறினேன். ஒரு ரோஜாத் தோட்டத்தில் மொட்டுகள் விரிந்துவிடாமல் வலைக்குல்லாய் மாட்ட ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி கன்னடத்தில் பேர் கேட்டார். சொன்னேன். நம்பிவிட்டார்.