ஏழு வரியில் அடங்காத ஜமால் பாய்

"மாமா, அத்தா போயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." ஜமால் பாயின் மகள் போனில் சொன்னபோது வேங்கிக்காலில் மருந்து வாங்க நின்றிருந்தேன். சீட்டைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் அழுதேன், வெட்கமில்லாமல். அவரோடு கபடி ஆடியவர்களே, அவர் பிடியில் மாட்டிக் கால் உதறியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பஸ் கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்து எட்டுப் பேரைக் கபடிக்கு வைத்திருந்தது. பகலில் ஷெட் வேலை, சாயங்காலம் ஆட்டம். நான் கேப்டன். போளூர்ப் போட்டிக்குப் போன அன்று எங்கள் லெஃப்ட் கார்னர் ஆட்டக்காரன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். புதிதாகச் சேர்ந்திருந்த பாய், "எங்க நிக்கணும்னு சொல்லு கேப்டன், நின்னுடறேன்" என்றார். அன்று கார்னரில் நின்றார். அடுத்த ஊரில் கார்னருக்கு உள்பக்கம், கவரில் நின்றார். அதற்கடுத்த ஊரில் எதிராளி கோட்டுக்குள் பாடிப் போனார். எந்த இடத்திலும் அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்திலும் ஓட்டை விழ விடமாட்டார்.

ஷெட்டிலும் அதே கதைதான். கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடும் நாட்களில் டயர் கழற்றுவார், டைம் கீப்பர் நாற்காலியில் உட்காருவார், சமையல்காரர் வராவிட்டால் எல்லாருக்கும் உப்புமா கிண்டுவார். "நீங்க கறிவேப்பிலை, பாய்" என்று சீண்டுவோம். "இருக்கட்டும்யா. நான் இல்லாம தாளிச்சுத்தான் பாருங்களேன்" என்பார். உப்புமா மட்டும் படுமோசம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி ஆட்டக்காரர்களை நிரந்தரமாக்க முடிவு செய்தது. வேலை நிரந்தரமானால்தான் நிக்காஹ் என்று பாய்க்குப் பேசியிருந்த பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்த இடத்துக்கு யார் என்று எழுதச் சொன்னார். ஏழு இடம், ஏழு வரி, ஏழு பேருக்குத்தான் நிரந்தரம். ஒவ்வொரு வரியிலும் அந்த இடத்துக்குக் கெட்டிக்காரன் யாரோ அவன் பேரை எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் பாய் ஞாபகமும் வந்தது. 'அவருக்கென்ன, எங்கே வேண்டுமானாலும் ஆடுவார், அடுத்த வரியில் போட்டுக்கலாம்' என்று நினைத்தேன். வரி தீர்ந்துவிட்டது. அதுகூட உறைக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மடையன்.

மறுநாள் பட்டியலை ஷெட் சுவரில் ஒட்டினார்கள். பாய் இரண்டு தரம் படித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜரிடம் ஓடினேன். "ஏழுன்னா ஏழுதான். உன் கையெழுத்துதானே?" என்றார்.

அந்த ஞாயிறு செங்கத்தில் இறுதி ஆட்டம். பட்டியலில் இருந்த ஒருவனுக்குக் காய்ச்சல். பாய் வரமாட்டார் என்றே நினைத்தேன். எங்களுக்கு முன்னால் வந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நாங்கள் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவுட். பட்டியல் ஆட்கள் அத்தனை பேரும் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தது பட்டியலில் இல்லாத ஒரே ஆள். ஒத்தையாகப் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் வந்து விழுந்தார். அதனால் எங்களில் இருவர் உள்ளே போனோம். அடுத்து எதிராளி பாடி வந்தபோது கார்னரில் மறித்தார். அவன் திரும்பிய பக்கம் பாய்ந்து கவரில் அமுக்கினார். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

மேனேஜர் அங்கேயே பேனா கேட்டார். "எட்டாவது பேரு எழுதிக்கறேன். எந்த இடம்னு போட?"

நான் வாய் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "இடத்தைக் காலியா விடுங்க சார். பேரை மட்டும் போடுங்க."

நிக்காஹ் நடந்தது. பந்தியில் பிரியாணி பரிமாறியதும் மாப்பிள்ளையேதான். பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. வருஷங்கள் கழித்து ஒருநாள் கேட்டேன்: "அன்னிக்கு என் மேல கோபமே வரலையா பாய்?"

"ஏன் வரல? ஜாஸ்தியாவே வந்துச்சு. ஆனா நீ நம்ம சைடுல நின்னுட்ட. பாவம், எதிர் சைடு ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வேலைக்கு ஆள் எழுத உட்கார்ந்தாலும், 'இவருக்கென்ன, அப்புறம் போட்டுக்கலாம்' என்று யாரைப் பற்றித் தோன்றுகிறதோ, அவர் பேரைத்தான் முதலில் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்ததும், வெளியூர் ஆட்களுக்கு வண்டி, சாப்பாடு எல்லாம் யார் யார் பார்ப்பது என்று எழுதித் தரச் சொன்னாள் அவர் மகள். தாளை வாங்கி, முதல் வரியில் 'ஜமால் பாய்' என்று எழுதிய பிறகுதான் பார்த்தேன். அடிக்க மனசு வரவில்லை. மற்றவர்கள் பேரை இரண்டாவது வரியிலிருந்து எழுதிக் கொடுத்தேன்.