ஏரிக்கரை நகரும் சகல வசதிகளும்

இன்று காலை நாளிதழைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு வழவழப்பான விளம்பரத் தாள் நழுவி என் காப்பி டம்ளருக்குள் மூக்கை நனைத்தது. 'ஏரிக்கரை நகரில் வீடு விற்பனைக்கு. பேருந்து, ரேஷன் கடை, நூலகம், குடிநீர்த் தொட்டி, எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். ஏரிக்காற்று இலவசம்.' விற்பது எதிர்வீட்டுக்காரர். படித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது, மறைப்பானேன். அத்தனை வசதியும் நான் மனு எழுதி வாங்கியவை. ஏரிக்காற்றுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

அந்தப் பெயரே ஒரு கூத்து. தூத்துக்குடிப் பக்கம் யாரய்யா ஏரி என்கிறார்கள்? எங்களுக்குக் குளம்தான். மனை போட்டு விற்றவருக்குக் குளம் என்றால் மதிப்புக் குறைவாகப் பட்டிருக்கிறது. ஏரி என்று பலகை வைத்தார், ஒரே மாதத்தில் எல்லாம் விற்றுப்போயிற்று.

நான் அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். கல்யாணமான புதிது. பிலோமி கடலோரப் புன்னைக்காயல்காரி. சாத்தான்குளத்துப் புராட்டஸ்டண்டுப் பையன் புன்னைக்காயல் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிய கதை தனிக் கதை; அவர்கள் சாமியாரும் எங்கள் பாஸ்டரும் அதை மறக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. டவுனில் ஒண்டுக்குடித்தனம். சுவரைப் பார்த்துக்கொண்டே சோறு பொங்கி அவளுக்கு மூச்சு முட்டியது. சொந்த வீடு என்று பேச்சு வந்ததும் அவள் மாடி கேட்கவில்லை, மொசைக் தரை கேட்கவில்லை.

"அடுப்படியில நின்னா தண்ணி தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். கடலத்தான் விட்டுட்டு வந்துட்டேன்லா."

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் வளர்ந்த எனக்கு இது விளங்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது. ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். குளத்தைப் பார்த்த மனையை வாங்கி, அடுப்படிக்கு நாலு கதவு ஜன்னல் வைத்தேன். முதல் ஐப்பசி மழையில் குளம் நிறைந்த அன்று, மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து நின்றாள். உள்ளானும் நீர்க்காகமுமாகப் பறவைகள் வந்து இறங்கின. சேற்று வாசமும் புளிக்குழம்பு வாசமும் கலந்து வீடு முழுக்க அடித்தது. எனக்கு அது நாற்றம், அவளுக்கு ஊர். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

குளம் இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. பஸ்ஸுக்கு மெயின்ரோடு வரை நடை. சீனி தீர்ந்தால் சைக்கிளை எடுக்க வேண்டும். ஆகவே சங்கம் ஆரம்பித்தோம். பேசத் தெரிந்த தங்கராஜ் அண்ணாச்சி தலைவர். அவருக்கு டவுனில் பலசரக்குக் கடை. எழுதத் தெரிந்த பாவத்துக்கு நான் செயலாளர். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்தாலே எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே கேள்வி: "இடம் இருக்கா?" தன் மனையில் அரை சென்ட் கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை. அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார்.

"ஏன் வே மண்டைய உடைக்கீரு? அங்கன அவ்வளவு இடம் சும்மா கெடக்குல்லா."

அவர் கைகாட்டியது குளத்தை. யார் பெயரிலும் இல்லாத இடம் காலி இடம்தானே? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இடம் பார்க்க வரும் அதிகாரியைச் சித்திரையில் கூட்டிவருவது என்ற யோசனை என்னுடையது. சித்திரையில் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், நாலு ஆடு மேயும். "குளம்னு சொன்னாங்களே?" என்று அவர் இழுத்தால், "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று இளநீரை நீட்டுவோம். சங்கத்தில் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

முதலில் பஸ் திரும்புவதற்குக் குளத்தில் ஓர் ஓரம் போயிற்று. "பரவால்ல, இன்னும் தண்ணி தெரியுது" என்றாள் பிலோமி. அடுத்தது ரேஷன் கடை. பிறகு நூலகம், அதில் புத்தகம் எடுத்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொன்று எழும்பும்போதும் அவள் அடுப்பை ஒரு முழம் தள்ளி வைத்தாள். கேஸ் டியூப் நீளமாக வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், நான் அப்பேர்ப்பட்ட புத்திசாலி.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள். "இங்கேருங்க, எல்லாத்தையும் என் ஜன்னலுக்கு முன்னாலதான் கெட்டணுமா?"

"ஏளா, ஊர் நன்மைக்குச் செய்யுதோம். செயலாளர் பொண்டாட்டிக்குன்னு தனிச் சட்டமா?"

அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குளம் சுருங்கச் சுருங்கக் கிணறுகள் உவர்த்தன. காப்பியில் உப்புக் கரித்தது. உடனே இன்னொரு மனு, மேல்நிலைத் தொட்டி வேண்டி. இடம்? மிச்சமிருந்த குளம். திறப்பு விழாவுக்கு வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் வரவில்லை. "செயலாளர் வீட்டம்மாவே ரிப்பன் வெட்டட்டும்" என்றார் அண்ணாச்சி. பிலோமி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வெட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலின் நாலு கதவையும் சாத்திக் கொண்டி போட்டாள்.

"எல்லா வசதியும் வந்துட்டுல்லா?"

"வந்துட்டு."

"அப்பம் நாம கெளம்பலாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தம்பி வீட்டுக்கு என்று புன்னைக்காயலுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை இல்லை, கோபமாக ஒரு வார்த்தை இல்லை. போனில் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்றெல்லாம் விசாரிக்கிறாள். அவள் இல்லாத வீடு எனக்குச் சகிக்கவில்லை. வந்துவிடு என்று எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன்.

"வாரேன். குளம் நெறஞ்சதும் சொல்லுங்க" என்கிறாள்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. விடிந்து பார்த்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வாசல் வரை முழங்கால் தண்ணீர். எங்கிருந்தோ ஒரு நீர்க்காகம் வந்து ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தது. நான் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வே, சீக்கிரம் ஒரு மனு எழுதும்." போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். 'தேங்கியுள்ள மழைநீரை உடனடியாக அகற்றித் தருமாறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாளே மோட்டார் வைத்து ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிட்டார்கள். பிலோமியிடம் நான் சொல்லவில்லை.