அத்தை கொடுத்த இரண்டு குச்சிகள்

இரண்டு சிறிய குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுக்குச்சி முறித்துப் போடப்பட்டிருந்தது. ருவான்வெல்லைக்கு அப்பால் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவை. ஒன்று என் அத்தையுடையது, மற்றது அவருக்குப் பக்கத்து அறையில், எங்கள் பேச்சில் காம்பராவில், இருக்கும் அக்காவுடையது என்று ஒட்டியிருந்த பெயர்கள் காட்டின.

அப்போது நான் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் ஒரு பெண்ணின் உடலில் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று பார்ப்பது எங்கள் வேலை. பதினாறாம் வகையும் பதினெட்டாம் வகையும்தான் அதிகம் அஞ்ச வேண்டியவை. டாக்டர் முன்னால் படுக்கக் கூசும் பெண்கள் தாங்களே மறைவில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்று வந்ததும், அதைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் கொண்டுபோகச் சொல்லி மருத்துவிச்சியை நச்சரித்தவள் நான்.

இரண்டு குழாயிலும் பதினாறு இருந்தது. அதோடு, நாங்கள் எப்போதாவது மட்டுமே காணும் இன்னொரு வகையும் இரண்டிலும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுடையதோ என்று அது என்னை உறுத்தியது. மேலதிகாரியிடம் சொன்னேன், திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதற்குள் முடிவு மருத்துவிச்சி வழியாக லயத்துக்குப் போய்விட்டது. உடலுறவால் தொற்றுவது என்பதை மட்டும் அக்காவின் கணவர் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்தே வந்திருக்கலாம், பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கலாம். அதையெல்லாம் யார் கேட்பது? அக்காவை அடித்து, தாய் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போய் அத்தையிடம் கேட்டேன். விறகு பிளந்துகொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"ஆமா, ரெண்டையும் நாந்தான் குடுத்தேன். புள்ளைக்குக் காய்ச்சல்னு அவ டவுனுக்குப் போயிட்டா. அவ பேரு விட்டுப் போயிறக் கூடாதுல்ல?"

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். ஒருத்தி வர முடியாத நாளில் அவளுடைய மரங்களிலும் பக்கத்தவளே பால் வெட்டி, அதை அவள் பெயரில் நிறுத்துக் கொடுத்துவிடுவாள். அத்தை இதையும் அப்படியே செய்திருந்தார்.

கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப அந்த நோவு எனக்குத்தானா?"

நோயில்லை, கிருமிதான், ஆஸ்பத்திரியில் நேரத்தோடு பார்த்தால் சரியாக்கிவிடலாம் என்றேன். பாதிதான் கேட்டிருப்பார். எழுந்து பக்கத்து வாசலுக்குப் போனார். கணவரை இழந்து பல வருடமான பெண் அவர்.

"தம்பி, ரெண்டு குச்சியும் என்னோடது. அவளப் போயி கூட்டிக்கிட்டு வா. திட்டுறதுன்னா என்னையத் திட்டு."

லயம் முழுக்கக் கேட்டது. புருசன் போன பிறகு கிழவிக்கு எங்கிருந்து வந்ததாம் என்று கடைசிக் காம்பராவிலிருந்து ஒருவன் சிரித்தான். "ஒங்கப்பன்கிட்ட கேட்டுப் பாரு" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

அத்தைக்குக் கொழும்பில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டார்கள். இன்றும் சொன்ன தேதிக்கெல்லாம் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருகிறார். அக்காவும், அத்தை வாசலில் நின்று சொன்ன அந்த வாரமே வீடு திரும்பியிருந்தார். ஆனால் அவருடைய மாதிரி இன்றுவரை வரவில்லை. போகும்போதெல்லாம் கேட்கிறேன், கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. அவருடையதை இன்னும் யாருமே பார்க்கவில்லை என்பது அவருக்குப் புரியாமல் இல்லை.

"எனக்கு இல்லன்னுதான் இந்த மனுசன் நம்பிக்கிட்டு இருக்காரு, பாப்பா. இருக்குன்னு வந்துட்டா, இந்தத் தடவ யாரு வந்து தன்னோடதுன்னு சொல்லுவாங்க?"

போன மாதமும் புதிய குழாய் ஒன்றை எடுத்துப்போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் குழாயை என் பைக்குள் திரும்ப வைத்து, ஜிப்பையும் தானே இழுத்து மூடினார்.