அண்ணி கேட்காத பிரிவுபசார விழா

என் அண்ணிக்குப் பிரிவுபசார விழா நடக்கப்போகிறது என்று அண்ணிக்கே தெரியாது. வேலை பார்க்கும் இடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் பலூன்களைப் பார்த்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கும் தெரியாது. வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்று நாத்தனாரான என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வாசலில் எண்ணி வாங்குவது என் வேலை. அண்ணி ரோலரில். கட்டில் அகலத்துக்குச் சூடாக உருளும் அந்த இயந்திரத்தில் ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கொடுத்தால், மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இடது முனை அண்ணியுடையது. வயது அறுபத்தொன்று. மூட்டு வலி என்று உட்கார்ந்துவிட்டது என் அண்ணன்தான். வீடு ஓடுவது அண்ணி சம்பளத்தில்.

புதிதாக வந்த மேனேஜர் மரியாதை தெரிந்தவர்தான். என்ன, தலை நரைத்தவர்களைக் கண்டால் பழுதான மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். முதலில் அண்ணியின் ஓவர்டைமை நிறுத்தினார். பிறகு ரோலர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்து, உட்காருங்கம்மா உட்காருங்கம்மா என்று உயிரை எடுத்தார். வீட்டில் பேரப்பிள்ளைகள் தேடமாட்டார்களா என்றும் ஒரு நாள் கேட்டார். அவர்கள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், வீட்டில் யார் தேடுவது என்று அண்ணி கேட்டார்.

விழாவில் துணி வண்டி ஓட்டும் நரைத்த தலை டிரைவர் எழுந்து, ஓய்வின் அருமையைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். மேனேஜர் பூங்கொத்து கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டு நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும். கேக் வெட்டி அனுப்பினால் தானாகவே போன கணக்கு. என்ன மூளை பாருங்கள்.

அண்ணி நிதானமாகக் கேக்கை வெட்டினார். மேனேஜருக்குக் கொஞ்சம் பெரிய துண்டாகவே கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"கேக் நல்லாருக்கு தம்பி. ஆனா வேலைய விடறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே."

மேனேஜர் சிரித்து மழுப்பினார். உடம்பு, குடும்பம், சூடு, புகை என்று என்னென்னவோ சொன்னார். எல்லாம் அண்ணியின் நல்லதுக்குத்தானாம்.

"அப்படின்னா எனக்கு வயசாயிடுச்சு, அதனால வேலை இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிட்டு இப்பவே போயிடறேன்."

மேனேஜர், விழாவுக்கு வந்திருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் தன் தட்டைப் பார்த்தார். எல்லோர் சட்டைப்பையிலும் பேனா இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

மறுநாள் இடது முனையில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அண்ணிக்கு அவள்மேல் கோபம் இல்லை. துணி மடிக்கிற மேசைக்குப் போகச் சொல்லிவிட்டு, தன் இடத்தில் நின்று முதல் விரிப்பை எடுத்தார். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்று எண்ணிக்கையே தப்பிவிட்டது. தலையணை உறைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அடுத்த மாதம் மேனேஜர் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்கும் சின்னதாக ஒரு விழா வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஓய்வைப் பற்றி அத்தனை உருக்கமாகப் பேசிய மனிதர், வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம்.

"கேக்கெல்லாம் வேணாம் சார். பேப்பர் இருந்தாக் குடுங்க."