பூண்டுலோயாவில் எண்ணெய் கண்ட மாயாண்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சாக்குச் சுமந்து பூண்டுலோயாவுக்கு வந்து, சொந்தக் கடை போட்டேன். அலியார் கடை என்றால் நுவரெலியா வரை தெரியும். படித்தவர்களே என்னிடம்தான் சீனி வாங்கினார்கள். ஆகவே மாயாண்டியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு.

மாயாண்டி தேயிலை மலையில் கான் வெட்டுகிறவன். மழைத்தண்ணீருக்கு வழி வெட்டியே முதுகு வளைந்தவன். தோட்டத்துக் கூலி வரிசை வீடான லயத்தில் பிறந்தவனை, இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் இந்த நாட்டான் இல்லை என்றார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டான். தகப்பன் இந்தியாவிலிருந்து எந்தக் கப்பலில் வந்தான் என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் போட்டிருந்தான்.

ஐம்பத்தேழில் ஒருநாள் கடைக்கு ஓடி வந்தான்.

"மொதலாளி, கான் முடியுற சதுப்புல எண்ணெ மெதக்குதுங்க! வானவில்லு மாதிரி மினுங்குது!"

"அதுக்கு ஏன்டா இந்த ஓட்டம்?"

"எண்ணெ கண்டுபிடிச்சுக் குடுத்தவனைப் போயி இந்த நாட்டாளு இல்லேம்பாங்களா?"

போய் முகர்ந்தேன். மண்ணெண்ணெய் விற்றே வளர்ந்த மூக்கு இது. வாடையே இல்லை என்றேன்.

"தண்ணி கலந்து வித்து வித்து ஒங்க மூக்கு மழுங்கிருச்சுங்க" என்றான். வேறு எவனாவது சொல்லியிருந்தால் கடை வாசல் மிதித்திருக்க முடியாது.

அணை வேலைக்காகக் கல் பார்த்துத் திரிந்த அரசாங்கத்துச் சிங்களத் துரை, மாத்தயா ஒருவரை அழைத்துப் போனேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழாக்க என்னை விட்டால் யார்?

அவர் குச்சியால் கீறினார். படலம் ஓடு போல உடைந்தது. எண்ணெய் என்றால் திரும்பக் கூடிக்கொள்ளுமாம். இது இரும்புக் கறையாம். எங்கள் மலை வெந்து இறுகிய பழங்கல்லாம். எண்ணெய் தங்க மணற்கல் வேண்டும். ஆறுகள் தூரத்து மணலை அடித்துவந்து ஆற்றுவாயிலும் கடலோரத்திலும் அடுக்கடுக்காகப் போட, அது இறுகி மணற்கல் ஆகுமாம். புத்தளம், மன்னார்ப் பக்கம் போய்த் தேடச் சொன்னார்.

"அந்த எண்ணெ மணலுக்குள்ளயே பொறந்ததுங்களா?" என்றான் மாயாண்டி.

இல்லையாம். கீழே களிக்கல்லில் உண்டாகி, மெல்ல ஏறி வந்து மணற்கல்லின் துளைகளில் தங்குமாம்.

"அப்ப மணலும் வந்தது, எண்ணெயும் வந்தது. எந்தக் கப்பல்ல வந்தேன்னு அதுகள யாரும் கேக்கலீங்களா?"

அதையும் பெயர்த்துச் சொன்னேன். மாத்தயா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜீப்பைத் தேடினார்.

பிரஜாவுரிமை மனு விசாரணையிலும் மாயாண்டி இதையே கேட்டிருக்கிறான். மனு தள்ளுபடி. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டு, கான் வெட்ட அனுப்பினார்கள். அங்கே எவரும் கப்பலைக் கேட்கவில்லை.