பெட்ரோலை மிச்சம் பிடித்த இறக்கம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் விற்ற மோட்டார் சைக்கிள்களில் மூன்றை நானும் நண்பர்கள் டேனியலும் செல்லையாவும் வாங்கினோம். பெட்ரோல் அப்போதும் ரேஷன்தான். அதனால் வேகம் பிடித்ததும் கியரை விடுவித்து, எஞ்சினை அணைத்து, வண்டி ஓடும்வரை ஓடவிடுவோம். தூத்துக்குடியின் மேடுபள்ளமில்லாத உப்பளச் சாலைகளில் இதனால் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

கோடையில் போடிமெட்டுக் கணவாயைக் கடந்து தேவிகுளம் போனோம். ஏற்றத்திலேயே பெட்ரோல் பெரும்பாலும் தீர்ந்தது. திரும்பும்போது கணவாயின் உச்சியில் டேனியல் சிரித்தான்.

"ஏலே, எஞ்சினை அமத்துங்கலே. போடி வரைக்கும் மலையே தள்ளிவிடும். ஓசிச் சவாரி!"

மூவரும் அணைத்தோம். டேனியல் முன்னே போனான், அடுத்து நான், கடைசியில் செல்லையா. சில வளைவுகள் தாண்டியதும் கருகல் நாற்றம் வந்தது. அவன் பின்சக்கரத்தில் புகை எழுந்தது.

"பிரேக்கு பிடிக்கலலே!" என்று டேனியல் அலறினான்.

"கியரைப் போடுலே!" என்று கத்தினேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் கியரைப் போட்டதும் எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்க, என் வண்டி அடங்கியது. அவனோ விலகிப் போய்க்கொண்டே இருந்தான். அடுத்த வளைவுக்கு அப்பால் பள்ளம். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த வளைவில், சரிந்த மண்ணை மலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். டேனியல் அதில் மோதினான். வண்டி பாதி புதைந்தது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவன் ஒரு கை தொங்கியது.

"பெட்ரோல் மிச்சம்தாம்லே," என்றான். நாங்கள் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரிலேயே இறங்குகிறோம். இறங்குவதற்கும் பெட்ரோல் இருந்தால்தான் மலை ஏறுகிறோம்.