அப்பாவின் கோட்டில் என் கால்தடம்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு என் மேல்தான் பிரியம் அதிகம் என்று எனக்கு ஆறு வயதில் ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அதற்கு அத்தாட்சி அவருடைய வெள்ளைக் கோட்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தவர் அப்பா. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு இல்லாமல் அலுவலகம் போக முடியாது. அந்தக் கோட்டுத்தான் அம்மாவின் உயிர். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி கனலும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து முடித்த பிறகும் அவருக்குத் திருப்தி வராது. அப்பா வாசலைத் தாண்டும்போது குரல் வரும்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ. தோளிலை ஒரு மடிப்புக் கிடக்குது."

அப்பா கோட்டைக் கழற்றிக் கொடுப்பார். வெளியே சீன ரிக்‌ஷாக்காரர் மணியடித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அம்மா இஸ்திரிப் பெட்டியின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். வந்து பார்த்த டாக்டர், இப்படியே உடம்பை வருத்தினால் படுத்த படுக்கையாகிவிடுவீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்பா துணிகளை டோபிக் கடையில் போட்டார். டோபி வெளுத்துக் கொண்டுவந்ததை அம்மா மறுபடி தண்ணீரில் முக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். அப்பா கெஞ்சினார், கோபித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் நல்ல காலம் பிறந்தது. காலையில் நான் குழாயடியில் சேற்றைக் குழைத்து விளையாடிக்கொண்டிருப்பேன். உள்ளே அம்மா "நில்லுங்கோ" என்று ஆரம்பித்ததும் அப்பா இரண்டு கைகளையும் விரித்து, "ஓடி வா பிள்ளை!" என்பார். பாய்ந்துபோய் இடுப்பில் ஏறிக்கொள்வேன். வெள்ளைக் கோட்டில் இரண்டு சேற்றுப் பாதங்கள் பளிச்சென்று பதியும். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, அப்பா அப்படியே ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விடுவார். அலுவலகத்தில் என்ன சொன்னார்களோ, வீட்டில் அவர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சுத்தமாகக் கிளம்பி நிற்கும் அண்ணனை அவர் ஒருநாளும் தூக்கவில்லை. நான் அவனுக்குப் பழிப்புக் காட்டுவேன். அம்மாவிடம் அடி வாங்கிய மறுநாள் மட்டும் பயந்துபோய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா என் பாதங்களைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"இண்டைக்கு விளையாடேல்லையோ? போய்க் கொஞ்சம் விளையாடிப்போட்டு வா."

ஆரம்பத்தில் அம்மா சாயங்காலமெல்லாம் கறையைத் தேய்த்துத் தேய்த்து அழுதார். பிறகு ஒருநாள் கஞ்சிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து, "எப்பிடியும் இவள் சேறாக்கத்தானே போறாள். நான் ஏன் கிடந்து சாகிறன்?" என்றார். அன்று ஒரே தரம்தான் தேய்த்தார். மத்தியானம் தூங்கவும் செய்தார். அம்மா பகலில் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தக் காலை வந்தது. அப்பா வாசலுக்குப் போனார். தோளில் மடிப்பு இருந்தது, எனக்கே தெரிந்தது. அம்மாவும் பார்த்தார். கை இஸ்திரிப் பெட்டி வரை போய்த் திரும்பியது.

"போயிட்டு வாங்கோ. நேரமாகுது."

அப்பா ஒரு கணம் நின்றார். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். கையை விரிக்காமலே ரிக்‌ஷாவில் ஏறினார். நான் சேற்றுக் காலோடு தெருவரை ஓடினேன். வண்டி முனை திரும்பிவிட்டது.

அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று வாசற்படியில் விழுந்து கதறினேன். அம்மா வந்து என்னை வாரி மடியில் இருத்திக்கொண்டார். வேலையெல்லாம் அப்படியே கிடக்க, ரொம்ப நேரம் தெருவைப் பார்த்தபடி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்ததும்தான் கவனித்தேன்: என் கால்கள் அவருடைய புதுச் சேலையெல்லாம் சேறாக்கியிருந்தன. அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.